சுவிட்ச் போர்டு எல்.இ.டி-க்கு எந்த ரெசிஸ்டர்?

சிவப்பு எல்.இ.டி எரிய சுமார் 2 வோல்ட் போதும். சுவிட்ச் போர்டில் வருவதோ 230. மிச்சம் அத்தனையையும் தொடரில் இருக்கும் ரெசிஸ்டர்தான் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் பாகம்) தாங்கியாக வேண்டும், அதனால் கணக்குப் போடும்போது அந்த 2 வோல்ட்டை மறந்துவிட்டாலும் விடை மாறாது.

பலர் எல்.இ.டி-க்கு 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். அப்படிப் போனால் ரெசிஸ்டரில் மட்டும் 4.6 வாட் வெப்பம், ஒரு சின்ன அடையாள விளக்குக்கு இது அநியாயம்! இன்றைய எல்.இ.டி 1 மில்லி ஆம்பியருக்கே நன்றாகக் கண்ணில் படும். சரி, 100 கிலோ ஓம் பக்கம் வைத்தால் மொத்த வெப்பம் அரை வாட்டை ஒட்டி வரும்.

ஓம் கணக்கும் வாட் கணக்கும் சரியாக வந்துவிட்டதே என்று இங்கேயே நிறுத்தக் கூடாது. ரெசிஸ்டருக்கு வோல்ட் வரம்பு என்று ஒன்று தனியாக உண்டு. சாதாரண கால் வாட் ரெசிஸ்டருக்கு அது பெரும்பாலும் 250 வோல்ட்தான். நம் மின்சாரமோ ஒவ்வொரு சுழற்சியிலும் 325 வோல்ட் உச்சம் தொடுகிறது, இடையிடையே அதற்கு மேலும் துள்ளும். அதனால் நான் எப்போதும் 47 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் இரண்டைத் தொடரில் போடுவேன் (மஞ்சள், ஊதா, ஆரஞ்சு பட்டைகள்). வோல்ட்டும் வெப்பமும் பாதிப்பாதியாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் 0.28 வாட் மட்டுமே சுமக்கும்.

அப்புறம் எதிர்த்திசை. எல்.இ.டி பொதுவாக 5 வோல்ட் வரைதான் தலைகீழ் அழுத்தம் தாங்கும், ஏசி மின்சாரமோ நொடிக்கு 100 முறை திசை திரும்புகிறது. எல்.இ.டி-யின் குறுக்கே, அதற்கு எதிர்முகமாக, ஒரு 1என்4148 டையோடு (ஒரே திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் பாகம்) வைத்தால் தலைகீழ் அரைச்சுழற்சி அந்த வழியே போய்விடும், எல்.இ.டி மேல் தலைகீழ் அழுத்தம் ஒரு வோல்ட்டுக்கு மேல் ஏறாது.

சுவிட்சை அணைத்தும் மங்கலாக எரிகிறதா? நீளமாக ஒட்டியோடும் இரண்டு ஒயர்கள் மின்தேக்கி போல நடந்துகொண்டு துளி மின்னோட்டத்தைக் கடத்துகின்றன. எல்.இ.டி-க்குக் குறுக்கே 10 கிலோ ஓம் ஒன்று சேருங்கள், அந்தக் கசிவை அது குடித்துவிடும். ஆனால் கை வைக்கும் முன் மெயினை அணைத்துவிடுங்கள்: எல்.இ.டி-க்கு 2 வோல்ட்தான் என்றாலும் அதன் கால்கள் தரையோடு ஒப்பிட்டால் 230 வோல்ட்டில் நிற்கலாம்.