நிலா வானவில் பார்க்கப் போகிறீர்களா? மலேரியா மாத்திரை போட்டீர்களா?

ஏப்ரலில் ஆப்பிரிக்காவின் விக்டோரியா அருவிக்குப் போனால் முதலில் சத்தம்தான் கேட்கும். அப்புறம் மரங்களுக்கு மேலே புகை மாதிரி எழும்பி நிற்கும் சாரல் தெரியும். ‘மோசி-ஓ-டுன்யா’, இடியாய் முழங்கும் புகை என்று இந்த மண்ணின் மக்கள் பெயர் வைத்தது சும்மா இல்லை. 1708 மீட்டர் அகலத்துக்கு, சாம்பேசி ஆறு மொத்தமும் 108 மீட்டர் பள்ளத்தில் விழுகிறது. ஜாம்பியா பக்கம் நைஃப் எட்ஜ் பாலத்தில் நடந்தால் ரெயின்கோட்டுக்குள்ளும் தெப்பமாக நனைந்துவிடுவோம். பலமுறை போயிருக்கிறேன். இன்னும் அலுக்கவில்லை.

நான் ஜாம்பியாவில் பொது மருத்துவராக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அருவிக்குப் பக்கத்திலுள்ள லிவிங்ஸ்டன் நகருக்கு ஒரு பயணம் உறுதி. கிளம்புவதற்கு முன் விசா பற்றிக் கேட்பார்கள், கேமரா நனையுமா என்று கேட்பார்கள். மலேரியா பற்றி யாரும் கேட்பதில்லை.

அருவி நிறைந்து கொட்டும் காலமும் மலேரியாக் காலமும் பெரும்பாலும் ஒன்றுதான். நவம்பரில் தொடங்கும் மழை மார்ச், ஏப்ரல் வரை பெய்கிறது. மேலே அங்கோலாவிலும் வடமேற்கு ஜாம்பியாவிலும் பெய்த தண்ணீர் மெதுவாக இறங்கி ஏப்ரல் வாக்கில் அருவிக்கு வந்து சேரும். அதே மழை தேங்கிய குட்டைகளில்தான் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு பெருகுகிறது. பௌர்ணமி இரவில் சாரலில் தெரியும் நிலா வானவில்லைப் பார்க்க, நீர் நிறைந்த மாதங்களில் பூங்காவை இரவிலும் திறப்பார்கள். அந்தக் கொசு கடிப்பது அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. அரைக்கால் சட்டையோடு, பூசிய கொசுவிரட்டி சாரலில் கழுவிப்போன கால்களோடு, அண்ணாந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

தெற்கு ஜாம்பியாவில் மலேரியா முன்பைவிடக் குறைந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் இங்கே பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை. சரியான சிகிச்சை இல்லாவிட்டால் சில நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிவிடும்.

என் நண்பனின் அப்பா அப்படித்தான் மாட்டிக்கொண்டார். “மாத்திரையெல்லாம் எதுக்குப்பா? நம்ம ஊர்ல இல்லாத கொசுவா?” என்று சிரித்தார். நானும் வற்புறுத்தாமல் விட்டேன். இரண்டு நாள் ஆற்றங்கரை விடுதியில் இருட்டிய பிறகும் திண்ணையில் உட்கார்ந்து நீர்யானைகளின் உறுமலை ரசித்தார். ஊர் திரும்பிப் பத்தாவது நாள் குளிர்காய்ச்சல். உள்ளூர் மருத்துவமனையில் வைரல் காய்ச்சல் என்றார்கள். பிளேட்லெட் இறங்கியதும் டெங்கு பரிசோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. மூன்றாம் நாள் இரவு நண்பன் போன் செய்து, “அப்பா பேச்சு குழறுதுடா” என்றான். “ஆப்பிரிக்கா போய் வந்ததைச் சொன்னீங்களா? ஸ்மியர் பார்த்தாங்களா?” என்று கேட்டேன். ரத்தத் துளியை நுண்ணோக்கியில் வைத்து மலேரியாக் கிருமியைத் தேடும் பரிசோதனை அது. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அன்றிரவே ரத்தத்தில் ஃபால்சிபாரம் தெரிந்தது. ஆர்டெசுனேட் என்ற மலேரியா ஊசியால் பிழைத்தார். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆகவே, கிளம்பும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். பழைய மலேரியா மாத்திரையான குளோரோகுயின் இங்கே நம்பத்தக்கதல்ல. அடோவகுவோன்-புரோகுவானில் மாத்திரையைப் பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் 7 நாள் போட வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகு 4 வாரம். அது வெயிலில் தோலைச் சுட வைக்கும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆகாது. யாருக்கு எது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஊருக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கடித்த கொசுவின் கிருமி கல்லீரலில் ஏறக்குறைய ஒரு வாரம் தங்கித்தான் ரத்தத்துக்கு வரும். சிறுவயதில் ஊரில் மலேரியா வந்திருந்தாலும் அது இப்போது காக்காது.

மாலையில் முழுக்கைச் சட்டை போடுங்கள். சன்ஸ்கிரீன் பூசினால் அதன்மேல் கொசுவிரட்டியைப் பூசுங்கள். சாரலில் நனைந்தால் துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள். இரவில் வலைக்குள் தூங்குங்கள்.

திரும்பிய மூன்று மாதத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், மாத்திரை ஒழுங்காகப் போட்டிருந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் போய், “ஜாம்பியா போய் வந்தேன், மலேரியா பாருங்கள்” என்று நீங்களே சொல்லுங்கள். ஒரு பரிசோதனையில் இல்லை என்று வந்தால் விட்டுவிடாதீர்கள். காய்ச்சல் நிற்காவிட்டால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் விருந்தினர் கிளம்பும்போது மாத்திரை அட்டையின் பின்பக்கம் கடைசித் தேதியை நானே எழுதிக் கொடுக்கிறேன். போன முறை வந்த சித்தி, ஊர் போய்ச் சேர்ந்து ஏழாம் நாள் காலியான அட்டையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.