வாக்குச் சாவடியில் நம் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

பினாங்கில் வாக்களிப்பு மையம் என்றால் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடம்தான். வகுப்பறைக்குள் நுழைந்தால் மூன்று கிராணிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முதல் கிராணி மைகார்டை, அதாவது மலேசியாவின் அடையாள அட்டையான ஐசியை, வாங்கி, படத்தையும் ஆளையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, பெயரையும் ஐசி எண்ணையும் சத்தமாகப் படிப்பார். இன்னாரின் மகன், மகள் என்று மலாயில் சொல்லும் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' எல்லாம் சேர்த்துத்தான். நம்மவர் பெயர்கள் கொஞ்சம் நசுங்கியே வெளியே வரும். பட்டியலில் அந்தப் பெயர் மேல் ஒரு கோடு விழும். அடுத்தவர் இடக்கை ஆள்காட்டி விரலில் மை வைப்பார். மூன்றாமவர் வாக்குச் சீட்டைக் கொடுப்பார்.

இதில் நாம் அதிகம் நம்புவது அட்டையில் உள்ள படத்தை. ஆனால் இந்த வரிசையில் மிகவும் பலவீனமான இடம் அதுதான்.

பழகிய முகம் என்றால் மூளைக்குச் சிரமமே இல்லை. மங்கிப்போன கல்யாணப் படத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கும் சித்தப்பாவையும் கண்டுபிடித்துவிடுவோம். பழகாத முகம் வேறு கதை. அங்கே வெளிச்சம், முடி, கண்ணாடி, தலை சாய்ந்திருக்கும் கோணம் ஆகியவற்றில்தான் கவனம் போகிறது. இவை மாறினால் ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவார். ஒத்துப்போனால் இரண்டு பேர் ஒருவராகத் தெரிவார்கள். 1997இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், பேரங்காடிக் காசாளர்களிடம் படம் ஒட்டிய கடன் அட்டைகளை நீட்டினார்கள். அடுத்தவர் படம் இருந்த அட்டைகளில் பாதிக்கும் மேல் கேள்வியில்லாமல் ஏற்கப்பட்டன. சரி, காசாளருக்குப் பயிற்சி இல்லை என்று விட்டுவிடலாம். 2014இல் ஆஸ்திரேலியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) அதிகாரிகளையே சோதித்தார்கள். தவறான ஆளின் படத்தை 14 விழுக்காட்டு நேரம் சரி என்று விட்டார்கள். பல்கலைக்கழக மாணவர்களைவிட அவர்கள் ஒன்றும் கெட்டிக்காரர்களாக இல்லை. பணியில் கழித்த ஆண்டுகளும் கைகொடுக்கவில்லை.

நம் மைகார்டுக்கோ காலாவதித் தேதி கிடையாது. 18 வயதுக்குப் பிறகு ஒரு தடவை படத்தை மாற்றிவிட்டால், தொலைந்தாலோ பழுதானாலோ ஒழிய யாரும் தொடுவதில்லை. அட்டையில் அடர்ந்த மீசை, எதிரே வழுக்கைத் தலை. கிராணி பாவம், என்ன செய்வார்?

அட்டைக்குள் ஒரு சிப் இருக்கிறதே என்று கேட்கலாம். மைகார்டு 2001இல் வந்தபோதே, இரண்டு கட்டைவிரல்களின் ரேகைக் குறிப்புகள் அதில் இருந்தன. ரேகைக் கோடுகள் எங்கே பிரிகின்றன, எங்கே முடிகின்றன என்ற புள்ளிகளை வைத்துத்தான் கருவி ஆளை ஒப்பிடுகிறது. வங்கியில் இது நடக்கிறது, வாக்குச் சாவடியில் நடப்பதில்லை. ஆயிரக்கணக்கான அறைகளுக்குக் கருவி வேண்டும். கடும் உடலுழைப்பில் தேய்ந்த விரல்களைக் கருவி அடிக்கடி நிராகரிக்கும். அந்த வரிசையில் நின்று பார்த்தால் வேண்டாம் என்றுதான் தோன்றும்.

அப்படியானால் காவல் எங்கே இருக்கிறது? அந்தச் சத்தமான வாசிப்பில். அறையில் வேட்பாளர்களின் முகவர்கள் இருப்பார்கள், அவர்கள் கையிலும் அதே பட்டியல் இருக்கும். ஒரே பெயர் இரண்டாம் தடவை வந்தாலோ, இறந்தவர் பெயர் ஒலித்தாலோ, எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அப்புறம் மை. அதில் வேலை செய்வது வெள்ளி நைட்ரேட். தோலில் உள்ள உப்போடு சேர்ந்து வெள்ளி குளோரைடாகிறது. அது தண்ணீரில் கரையாது. வெளிச்சம் பட்டதும் அதிலிருந்து நுண்ணிய வெள்ளித் துகள்கள் பிரிந்து கறுக்கின்றன. கறை தோலின் மேலடுக்கிலேயே பதிந்துவிடுவதால் சோப்பு பலிக்காது; அந்த அடுக்கு உதிர வேண்டும், நகத்தில் பட்டது நகத்தோடு வளர்ந்து போக வேண்டும். 2008 பொதுத் தேர்தலுக்கு 4 நாள் இருக்கும்போது தேர்தல் ஆணையம் மைத் திட்டத்தையே கைவிட்டது. 2013இல் ஒருவழியாக வந்தது. வந்த வேகத்தில் கழுவினால் போகிறது என்று புகார் கிளம்பியது. புட்டியைச் சரியாகக் குலுக்கவில்லை என்று ஆணையம் விளக்கம் சொன்னது.

உண்மையில், அடுத்தவர் பெயரில் நேரில் வந்து ஓட்டுப் போடுவது எங்குமே அரிது. அமெரிக்காவில் 2000 முதல் 2014 வரை பதிவான 100 கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளை அலசிய ஒரு சட்டப் பேராசிரியருக்கு, நம்பத்தக்கதாகக் கிடைத்தவை 31 சம்பவங்கள். இங்கிலாந்தில் 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் படமுள்ள அட்டை முதன்முறையாகக் கட்டாயமானது. அட்டை இல்லாமல் திருப்பியனுப்பப்பட்டு மறுபடி வராமலே போனவர்கள் ஏறக்குறைய 14,000 பேர். எல்லாரிடமும் ஐசி இருக்கும் மலேசியாவில் அந்தச் சிக்கல் சிறியது என்பது என் கணிப்பு.

இங்கே சிக்கல் அட்டை பிறக்கும் இடத்தில். சபா மாநிலத்தில் தகுதியில்லாத குடியேறிகளுக்கு அடையாள அட்டை கொடுக்கப்பட்டதாக, 2012இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்தின் முன் சாட்சியங்கள் வந்தன. அப்படிப்பட்ட அட்டையில் படமும் ஆளும் கச்சிதமாகப் பொருந்தும். வாக்குச் சாவடியில் யாராலும் பிடிக்க முடியாது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாரும் தானாகவே பட்டியலில் சேர்க்கப்படுவதால், வாக்காளர் எண்ணிக்கை 2018இல் இருந்த 14.9 மில்லியனிலிருந்து 2022இல் 21 மில்லியனைத் தாண்டியது. யார் வாக்காளர் என்பதை, அடையாள அட்டை வழங்கும் தேசியப் பதிவிலாகாவின் பதிவேடு முன்னைவிட அதிகமாகத் தீர்மானிக்கிறது.

எதிர்ப்பக்கத்தில், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு நிற்கும் நம் பெரியவர்கள். அதிலும் படம் உண்டு. ஆனால் அது நிரந்தரவாசிக்கு உரியது, குடிமகனுக்கு அல்ல, ஓட்டுரிமை இல்லை. குடிமகனுக்குரிய நீல அட்டை கேட்டுப் பதிவிலாகாவுக்குப் போனால் முதலில் கேட்கப்படுவது பிறப்புப் பத்திரம். பலரிடம் இல்லாததும் அதுதான்.