படகுக்குள் காற்று எந்த வழியாகப் போகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் கட்டியிருந்த ஒரு பாய்மரப் படகில், ஓடிக்கொண்டிருந்த என்ஜினின் மூடியைத் திறக்கப் போனேன். திறக்க முடியவில்லை. படகுக்காரர் இங்கேயே பிறந்தவர், ஆயாவிடம் தமிழ் கற்றவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். "புகை கறுப்பா வருது தம்பி, முன்ன மாதிரி வேகமும் இல்ல" என்று போனில் சொல்லியிருந்தார். அந்தப் படகில் கேபினுக்குள் இறங்கும் படிக்கட்டுதான் மூடி. அதைக் கழற்றினால் பின்னால் என்ஜின். கொக்கியை விடுவித்த பிறகும் யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பது போல இருந்தது. இரண்டு கையாலும் இழுத்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. அடுத்த நொடி சூடு முகத்தில் அடித்தது.

என்ஜின் சத்தம் கேபினுக்குள் வரக்கூடாது என்று அண்ணா ஒரு மாதம் முன்புதான் அந்த அறையின் சுவர் முழுக்கத் தடித்த ஃபோம் ஒட்டியிருந்தார். கண்ணில் பட்ட இடுக்கையெல்லாம் அடைத்துவிட்டார். சத்தம் நன்றாகவே குறைந்திருந்தது. காற்று வரும் வழியும் அதோடு போய்விட்டது.

டீசல் என்ஜின் எவ்வளவு காற்றைக் குடிக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1.5 லிட்டர் என்ஜின் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீச்சு என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சை இழுக்கும். நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் 1000 மூச்சு, அதாவது 1500 லிட்டர். சிலிண்டர் முழுசாக நிரம்பாது என்பதால் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், நிமிடத்துக்கு 200 லிட்டர் டிரம் ஆறு நிறையும் அளவு காற்று. இது அத்தனையும் ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கம் அளவுள்ள இடுக்கு வழியாக நுழைய வேண்டும் என்றால், உள்ளே அழுத்தம் சுமார் 200 பாஸ்கல் குறையும். கேட்க ஒன்றுமில்லாத அளவுதான். ஆனால் 60 செ.மீ.க்கு 80 செ.மீ. மூடி முழுவதும் அந்த அழுத்தம் உட்காரும்போது, பத்து கிலோ அரிசிப் பையின் எடை சேர்ந்துவிடுகிறது. என் கை உணர்ந்தது அதைத்தான்.

கறுப்புப் புகைக்கு இந்த இழுப்பைக் குற்றம் சொல்ல முடியாது. இவ்வளவு சிறிய அழுத்தக் குறைவை என்ஜின் கண்டுகொள்ளாது. கோளாறு சூட்டில் இருந்தது. குளிர்விக்கும் தண்ணீர் எவ்வளவு ஓடினாலும், என்ஜினின் இரும்பு உடம்பு தன்னைச் சுற்றிச் சூட்டை விட்டுக்கொண்டேதான் இருக்கும். வெளியேற வழியில்லாவிட்டால் அது அறைக்குள்ளேயே தேங்கும். மூடியைத் திறக்கும் முன் உள்ளே வைத்திருந்த கம்பி வெப்பமானி 65 டிகிரி காட்டியது. 25 டிகிரியில் இருக்கும் காற்றை 65 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் அடர்த்தி 12 சதவீதம் குறையும். ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் அத்தனை குறைவு, டீசலோ பழைய அளவு. முழுசாக எரியாத டீசல்தான் கரியாகிப் புகையில் வந்தது.

பாட்டரியையும் அவர் அதே அறையில்தான் வைத்திருந்தார். ஈயப் பாட்டரி தொடர்ந்து இருக்கும் வெப்பம் 8 முதல் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். அன்றைக்கே அதை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டேன்.

என்ஜின் அறைக்கு இரண்டு வழி வேண்டும். வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய், என்ஜினின் காற்று வடிகட்டிக்குப் பக்கத்தில் தாழ்வாக வந்து முடிய வேண்டும். சூட்டை வெளியே தள்ளும் குழாய் அறையின் உச்சியிலிருந்து தொடங்க வேண்டும், அதில் ஒரு புளோயர், அதாவது காற்றை உறிஞ்சித் தள்ளும் விசிறி, இருக்க வேண்டும். வழிக்கு ஒன்றாக 75 மில்லிமீட்டர் குழாய் இந்த என்ஜினுக்குப் போதும். அண்ணாவுக்கு அப்படித்தான் போட்டோம், ஃபோமைக் கிழிக்கவில்லை. என்ஜினை நிறுத்திய பிறகும் புளோயரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விட வேண்டும். தண்ணீர் ஓட்டம் நின்றுவிடுவதால் நிறுத்திய உடனே அறையின் சூடு கொஞ்ச நேரம் ஏறத்தான் செய்யும்.

பெட்ரோல் என்ஜின் என்றால் கணக்கே மாறும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழும்பாது, பில்ஜ் என்று சொல்லும் அடிக்குழியில் போய்ப் படுத்துக்கொள்ளும். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்திருந்தாலே ஒரு பொறி போதும், படகு வெடித்துவிடும். அதனால் புளோயர் உறிஞ்சும் குழாயின் வாய் அடிக்குழிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், சாவியைத் திருப்பும் முன் குறைந்தது நான்கு நிமிடம் புளோயர் ஓட வேண்டும். சமையல் கேஸும் இப்படிக் கீழே இறங்கும் ஜாதிதான். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் இதற்கு நேர் எதிர், உச்சிக்குப் போகும். எந்த வாயு எங்கே தேங்கும் என்று தெரியாமல் துளை போடுவதில் பயனில்லை.

சரி, கேபினுக்கு வருவோம். அங்கே பிரச்சினை தண்ணீர். தூங்கும் ஒரு ஆள் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு 40 கிராம் போல நீராவி விடுகிறார். இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் அரை லிட்டருக்கு மேல். அடுப்பில் 100 கிராம் கேஸ் எரிந்தால் அதுவே 160 கிராம் தண்ணீரைப் பெற்றுப்போடும், குழம்பிலிருந்து எழும் ஆவி தனி. இதோடு உப்பும் சேர்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நீர்த்துப்போகிறதே, அதே வேலைதான். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரையும். டர்பன் கோடையில் கடல்நீர் பட்ட மெத்தை உறை வெயிலில் எத்தனை நாள் கிடந்தாலும் சாயங்காலம் பிசுபிசுப்பது இதனால்தான். நல்ல தண்ணீரில் அலசாமல் அதைக் காயவைக்க முடியாது.

இந்த நீராவியை வெளியேற்றுவது யார்? சூடான காற்று தானே மேலே போய்விடும் என்று பலர் கூரையில் ஒரு துளை போட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். இரண்டு மீட்டர் உயரக் கேபினில் உள்ளுக்கும் வெளிக்கும் 5 டிகிரி வித்தியாசம் இருந்தால் அது உண்டாக்கும் அழுத்தம் அரை பாஸ்கல்கூட இல்லை. நொடிக்கு மூன்று மீட்டர் வீசும் இளங்காற்று ஐந்து பாஸ்கலுக்கு மேல் தள்ளும். அந்த வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆக, கேபினில் வேலை செய்வது வெளியே வீசும் காற்றுதான். அதற்கும் உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக இன்னொரு வாசல் தேவை. ஒரே துளையுள்ள புட்டிக்குள் ஊதிப் பாருங்கள், எவ்வளவு போகிறது என்று தெரியும்.

நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றுக்கு முகம் கொடுத்துத் திரும்பிக்கொள்ளும். அணியத்து (படகின் முன்முனை) பக்கக் கூரைக்கதவை முன்னோக்கித் திறந்து, அதன் மேல் ஒரு துணியைப் பாய் போல விரித்துக் கட்டினால், காற்று கீழே திரும்பி கேபின் முழுக்க ஓடிப் படிக்கட்டு வாசல் வழியாக வெளியேறும். இது பழைய வித்தை. 1860-இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக டர்பனில் கொண்டுவந்து இறக்கியதே, அந்தக் காலக் கப்பல்களில் மேல்தளத்திலிருந்து நீண்ட துணிக் குழாய்களைத் தொங்கவிட்டுத்தான் கீழ்த்தளத்தில் அடைந்து கிடந்தவர்களுக்குக் காற்று அனுப்பினார்கள். துறையில் கட்டிப்போட்ட படகுக்கு இந்த வசதி கிடையாது. அது திரும்பாது, காற்று எந்தப் பக்கமிருந்தும் வரும். அங்கே சூரிய சக்தியில் ஓடும் சின்ன விசிறி ஒன்று மணிக்கு 20 கன மீட்டர் காற்றை மாற்றிக்கொடுக்கும். பூட்டிக் கிடக்கும் படகுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது அதைத்தான்.

ஓடும் படகில்தான் சிக்கல். இந்தக் கரையோரம் அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்கு நோக்கி ஓடுகிறது. தென்மேற்கிலிருந்தே பலத்த காற்று கிளம்பினால் இரண்டும் மோதி அலை செங்குத்தாக எழும்பும். கூரைக்கதவையெல்லாம் இறுக்கி மூடாமல் தாங்காது. அப்போதும் காற்று வரவேண்டும், தண்ணீர் வரக்கூடாது. இதற்கு விடை டொராட் பெட்டி. ஒலின் ஸ்டீபன்ஸ் வடிவமைத்து, 1931-இல் அட்லாண்டிக்கைக் கடக்கும் போட்டியை வென்ற டொராட் என்ற படகிலிருந்து வந்த பெயர் அது. பெட்டியை யோசித்தவர் அவருடைய தம்பி ராட் ஸ்டீபன்ஸ்.

மேல்தளத்தில் ஒரு மரப்பெட்டி. அதன் மேல் ஒரு முனையில், காதுபோல் மடங்கிய வாய் காற்றைப் பார்த்து நிற்கும். கேபினுக்குள் இறங்கும் குழாய் அதற்கு நேர் கீழே இல்லை, பெட்டியின் மறுமுனையில் இருக்கிறது. அதன் விளிம்பும் பெட்டியின் தரையிலிருந்து சில விரற்கடை உயர்ந்து நிற்கும். நடுவில் ஒரு தடுப்பு. அலைத் தண்ணீர் வாய்க்குள் புகுந்தால் கனத்தால் நேரே தரையில் விழுந்து, ஓரத்து ஓட்டைகள் வழியாக மேல்தளத்துக்கே ஓடிவிடும். காற்று லேசானது, வளைந்து போய்க் குழாயில் இறங்கிவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத பெட்டி இது. பெரிய அலை முழுசாக மூடினால் மட்டும் பெட்டியே நிரம்பிவிடும், அதற்குக் குழாயைத் திருகி அடைக்கும் மூடி ஒன்று கையருகே இருக்க வேண்டும்.

ஒன்றை மறக்கக்கூடாது. காற்று பின்னாலிருந்து வர, மெதுவாக என்ஜினில் போகும்போது, அமரத்து (படகின் பின்முனை) பக்கம் வெளியேறும் புகை படிக்கட்டு வாசலுக்கு மேலுள்ள துணிக்கூரையின் சுழலில் சிக்கி உள்ளே இழுபடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை, ரத்தத்தை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். தலை வலித்தால் கடல் மயக்கம் என்று நினைத்துப் படுத்துவிடுகிறார்கள். அதை எச்சரிக்கும் கருவி ஒன்று தூங்கும் இடத்தில் கட்டாயம் வேண்டும்.

அண்ணா ஆகஸ்டில் கேப் டவுன் போய்ச் சேர்ந்தார். இரண்டாவது வாரம் போன். "தம்பி, எல்லாக் கதவையும் தொறந்துதான் வெச்சிருக்கேன், மெத்தைக்கு அடியில தொப்பலா நனஞ்சு கெடக்கு. படகு ஒழுகுதா?" ஒழுகவில்லை. டர்பனில் குளிர்காலத்திலும் கடல் 21 டிகிரி. கேப் டவுனில் அன்று 12. தண்ணீருக்குள் இருக்கும் படகின் தோலும் அதே 12 டிகிரிதான். கேபின் காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் அது 12 டிகிரியைத் தொட்டதுமே நீர்த்துளி படியத் தொடங்கும். மெத்தை அந்தத் தோலின் மேல் நேராகக் கிடந்தது. வழியெல்லாம் திறந்திருந்தும் மெத்தைக்கு அடியில் காற்று போக இடமே இல்லை.

இரண்டு விரல் உயர மரச்சட்டங்களை அடுக்கி அதன் மேல் மெத்தையைப் போடச் சொன்னேன். அலமாரிக் கதவுகளின் மேலும் கீழும் துளை போடச் சொன்னேன். சமைக்கும்போது அடுப்புக்கு மேலே உள்ள கூரைக்கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன். பத்து நாள் கழித்து ஒரு படம் அனுப்பினார். மெத்தையின் அடிப்பக்கத்தில் பழைய கறுப்புப் பூஞ்சைப் பொட்டுகள் அப்படியே இருந்தன, துணி காய்ந்திருந்தது.