தேய்த்தால் போகாத கறை

தர்மபுரி பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் பல் பரிசோதனை முகாம். ஆறாம் வகுப்புப் பாப்பா ஒன்று, "வாயைத் திற" என்றதும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டது. கையை எடுத்துப் பார்த்தால் மேல் முன்பற்களில் குறுக்காகக் காவிப் பட்டைகள், ஈறு ஓரமெல்லாம் சிராய்ப்பு. "சாம்பல், செங்கல் பொடி எல்லாம் போட்டுத் தேய்ச்சுட்டேன் சார், போகவே மாட்டேங்குது."

போகாது. ஏனென்றால் அது அழுக்கே இல்லை. 'பல் விளக்காத பிள்ளை' என்று அவளைத் திட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

இங்கே பாறைக்கு அடியிலிருந்து வரும் போர் தண்ணீரில் பல இடங்களில் பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை பரவாயில்லை. வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. அதைத் தாண்டினால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையான பல்லின் எனாமல், அதாவது பல்லின் கடினமான மேல் பூச்சு, சரியாக இறுகாது. சுமார் எட்டு வயது வரை இந்த ஆபத்து உண்டு. முன்பற்களுக்கு முதல் மூன்று வயதுதான் முக்கியம். பல் முளைத்து வரும்போதே குறையோடுதான் வருகிறது. அதைச் செங்கல் பொடியால் தேய்த்தால் இருக்கும் எனாமலும் தேய்ந்து, கூச்சம்தான் மிஞ்சும். கறையைக் குறைக்கப் பல் மருத்துவத்தில் வழி இருக்கிறது, வீட்டு வைத்தியத்தில் இல்லை.

2013இல் காவிரி ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஆனாலும் வீடுகளில் நான் பார்ப்பது: குடிக்க ஆற்றுத் தண்ணீர், உலைக்குப் போர் தண்ணீர். குழந்தைக்கு ஊட்டும் சோறு அதில்தானே வேகிறது? கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்திதான் கூடும். சாதாரண கேண்டில் ஃபில்டரிலும் நிற்காது. ஆர்.ஓ. குறைக்கும், சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீரும் நல்லது. சின்னப் பிள்ளைகள் பேஸ்ட்டை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, அப்புறம் பட்டாணி அளவு போதும்.

எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பாப்பா கேட்டது ஒன்றுதான்: "தம்பிக்கு ஒன்றரை வயசு சார். அவனுக்கும் இப்படி வருமா?"

தண்ணீரை இப்போதே மாற்றினால் பெரும்பாலும் தடுக்கலாம் என்றேன். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துத் தருவார்கள் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் அவள் அம்மா இடுப்பில் பையனோடு வந்தார். கையில் ஒரு பாட்டில் போர் தண்ணீர். "இதை எங்க சார் கொடுக்கணும்?"