ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்துப் பூரிக்காதீர்கள்

போன மாதம் ஒரு சபையின் வாலிபர் குழு, நான் ஆலோசகராகப் போகும் குழந்தைகள் இல்லம் ஒன்றுக்கு வந்தது. கேக், பிரியாணி, இரண்டு பாட்டு, ஒரு ஜெபம். கிளம்பும் நேரத்தில் அந்தக் குழுவின் சகோதரி ஒருவர் ஆறு வயதுப் பையனைத் தூக்கி, "உன்னை எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடப் போறேன், சரியா செல்லம்?" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு வேனில் ஏறிவிட்டார். அன்போடுதான் சொன்னார், சந்தேகமில்லை. பையன் அன்று ராத்திரியே இரண்டு சட்டை, டவுசர், பல் விளக்கும் பிரஷ் எல்லாவற்றையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் அடைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டான். மறுநாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம். அக்கா வரும்போது அவன் இல்லையென்றால் திரும்பிப் போய்விடுவாராம். அந்த வாரம் முழுக்கப் படுக்கையை நனைத்தான். அந்தப் பழக்கம் நின்று பல மாதங்கள் ஆகியிருந்தது.

பிள்ளைகளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் இல்லங்களில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் இதேபோல் ஒரு பையைப் பற்றிச் சொல்வார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

"பாவம், அன்புக்கு எப்படி ஏங்குதுங்க பாருங்க! பார்த்தவுடனே ஓடிவந்து ஒட்டிக்குது." பாஸ்டர் ஐயாமார் சொல்கிறார்கள், கல்லூரிப் பேராசிரியர்கள் சொல்கிறார்கள், டாக்டர்கள்கூடச் சொல்கிறார்கள். தயவுசெய்து கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தை புது ஆளைப் பார்த்தால் என்ன செய்யும்? அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும். தூக்கப் போனால் வீரிட்டு அழும். அதுதான் ஆரோக்கியம். தனக்கென்று ஒரு ஆள் இருக்கிறார், மற்றவர்கள் எல்லாம் வேற்று ஆட்கள் என்று அதற்குத் தெரியும். முன்பின் தெரியாத உங்கள் மடியில் வந்து ஏறுகிற பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. யாரும் நிலைத்து இருந்து அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. நீங்கள் பாசம் என்று நினைத்துப் படம் எடுப்பது ஒரு காயத்தை. இன்னொன்றும் சொல்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளை பஸ் ஸ்டாண்டில் யார் கையை நீட்டினாலும் பிடித்துக்கொண்டு போய்விடும். இல்லத்திலேயே தங்கிப் பிள்ளைகளை வளர்க்கும் வீட்டம்மாக்கள் தூக்கம் கெடுவது இந்தப் பயத்தில்தான். ஒவ்வொரு ஞாயிறும் புதுப்புது ஆட்கள் வந்து கட்டியணைத்துவிட்டுப் போகப் போக அந்தக் காயம் ஆழமாகிறது.

அடுத்தது, அழுகிற பிள்ளையை வசனத்தால் வாயடைப்பது. "அழாதே கண்ணு, அப்பா அம்மா கைவிட்டா என்ன, இயேசப்பா இருக்காரு." இயேசப்பா இருக்கிறார் என்று நானும் விசுவாசிக்கிறேன். அந்த விசுவாசம் இல்லாவிட்டால் இந்த வேலையை எப்போதோ விட்டிருப்பேன். ஆனால் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். இறந்துபோன லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர்விட்டார். லாசருவின் சகோதரி மரியாளைப் பார்த்து அழாதே என்று அதட்டவில்லை. அவரே அவசரப்படாத இடத்தில் நமக்கு என்ன அவசரம்?

இதில் இன்னொரு வேதனை உண்டு. இல்லங்களில் இருக்கிற பிள்ளைகள் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். செங்கல் சூளையில் வேலை செய்யும் அம்மா, குடியால் சிதைந்த வீடு, மறுமணத்தில் இடம் கிடைக்காத பிள்ளை. "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும்" என்று தாவீது தன் வாயால் பாடினார். மாதம் ஒருமுறை ரஸ்க் பாக்கெட்டோடு பார்க்க வரும் ஓர் அம்மாவின் மகளிடம் போய், உன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நாம் சொல்ல அந்த வசனம் எழுதப்படவில்லை.

அப்படியானால் நம்பிக்கை எங்கே என்று கேட்பீர்கள். ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்கிறேன். எல்லோரிடமும் சிரிப்பாள். விழுந்து முட்டி கிழிந்தால்கூட அழமாட்டாள். ஒருமுறை அவளுடைய வீட்டம்மா தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். இவள் சாப்பாட்டைத் தள்ளிவிட்டாள். அவர் திரும்பி வந்ததும் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஆனால் ஒரு கையால் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அன்று அலுவலகத்தில் நாங்கள் ஸ்தோத்திரம் பண்ணினோம். பயிற்சிக்கு வந்திருந்த மாணவிக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது என்றால், அதற்குச் சொந்தமென்று ஒருவர் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம்.

ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் முன்னேற்றம் அதிகம். "தேவன் தனிமையானவர்களுக்கு வீடுவாசல் ஏற்படுத்தி" என்கிறது 68ஆம் சங்கீதம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் பிள்ளையை இல்லத்தில் வைத்து வளர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. நம் சபைகள்தான் இன்னும் கட்டடம் கட்டுவதையே ஊழியம் என்று நினைக்கின்றன.

திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். 1951இல் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. அவரை மேடையில் புகழ்கிறவர்கள் கவனிக்கவேண்டியது அந்தத் தங்கியிருத்தலைத்தான்.

இனி, செய்யவேண்டியவை. போட்டோ எடுக்காதீர்கள். ஸ்டேட்டஸில் போட்டேன், உடனே அழித்துவிட்டேன் என்ற சமாதானம் வேண்டாம். பராமரிப்பில் உள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. திரும்ப வருவேன் என்று சொல்வதானால் தேதியோடு சொல்லுங்கள், சொன்ன தேதியில் வாருங்கள். முடியாது என்றால் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஆலய வாசலில் பச்சிளம் குழந்தை கிடந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தே ஆகவேண்டும். "கர்த்தர் கொடுத்த பிள்ளை" என்று சபையில் குழந்தையில்லாத தம்பதியர் கையில் தூக்கிக் கொடுக்காதீர்கள். அது குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. பிற்பாடு அந்தப் பிள்ளையைத் திரும்ப வாங்கும்போது அந்த வீட்டில் எழும் அழுகையை நான் கேட்டிருக்கிறேன். வளர்க்க முடியாத தாய் குழந்தைகள் நலக் குழுவிடம் முறைப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற அவளுக்கு 60 நாள் அவகாசமும் இருக்கிறது. வறுமைக்காக ஒரு விதவை பிள்ளையை இல்லத்தில் விட நினைத்தால், முதலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். தகுதி இருந்தால் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும், பிள்ளை அம்மாவோடேயே இருக்கலாம்.

கடைசியாகக் கெஞ்சியே கேட்கிறேன். கேக்குக்குச் செலவழிக்கிற பணத்தில் வீட்டம்மாவுக்கு மாற்று ஆள் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய் நிம்மதியாக உட்கார்ந்து நாளாயிற்று என்று சொல்கிற பெண்களை எனக்குத் தெரியும். எங்கள் இல்லத்தில் சனிக்கிழமை மாலை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஒரு வருடம் விடாமல் வர முடியுமா என்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு, பிறகு வாருங்கள்.