‘எல்லாத்துக்கும் அந்த அம்மாதான் காரணம்’

‘பேட்ஸ் மோட்டல்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கொஞ்ச நேரத்திலேயே இந்த வாக்கியம் வந்துவிடும். நோர்மா தன் மகன் நார்மனைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள், அவனுக்கென்று ஒரு வாழ்க்கை அமைய விடவில்லை, அழுதே காரியம் சாதித்தாள், அதனால்தான் அவன் கொலைகாரன் ஆனான். எதிர்த்தரப்பும் உண்டு: பாவம், அவளும் எவ்வளவுதான் தாங்குவாள்? நான்காவது சீசனின் கடைசிக்கு முந்தைய எபிசோடில் நோர்மா இறந்தபோது, சொந்தத்தில் ஒருவரைப் பறிகொடுத்ததுபோல அழுதவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். (இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்கவும். தொடர் 2017-லேயே முடிந்துவிட்டது. அந்த அம்மா உயிரோடு இல்லை என்பது இந்தக் கதைக்கு மூலமான ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படம் வந்த 1960-லிருந்தே ஊருக்குத் தெரிந்த ரகசியம்.)

அழுவதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. திரையில் தோன்றுகிறவரோடு பார்வையாளருக்கு உண்டாகும் ஒருதலை உறவைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதிவிட்டார்கள். அவள் நடிகை என்று அறிவுக்குத் தெரியும். ஆனாலும் மனம் பழகிவிடுகிறது. சில நாட்கள் மந்தமாக இருப்பது இயல்பு. தூக்கம் கெட்டு, வேலை கெட்டு, வாரக்கணக்கில் நீண்டால், அல்லது பழைய காயம் ஏதாவது கிளறப்பட்டதுபோல இருந்தால், தொடரை நிறுத்திவிட்டு யாரிடமாவது பேசுங்கள். அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது அம்மாமேல் வரும் அந்தக் கோபம். மனநல ஆலோசகராக நான் தினமும் பார்க்கும் அம்மாக்கள் இதே கோபத்தை வீட்டிலும் உறவிலும் வாங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். பழியை அம்மா தலையில் போட்டதில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு. 1948-ல் ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவை (ஸ்கிசோஃப்ரீனியாவை) உண்டாக்கும் தாய் என்றே ஒரு வகையைச் சொன்னார். பெண்மணி சாதாரணமானவர் அல்ல, அந்தக் காலத்தில் பெரிய பெயர். அதனால் அந்தக் கருத்து இருபது, முப்பது வருடம் நின்று விளையாடியது. பிள்ளையின் நோய் ஒரு பக்கம், ‘நீதான் வரவழைத்தாய்’ என்ற பேச்சு இன்னொரு பக்கம் என்று எத்தனையோ பெண்கள் நொந்துபோனார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மரபணு, மூளை வளர்ச்சி, சிறுவயது வன்முறை, போதைப் பழக்கம் என்று பல இழைகள் சேர்ந்து வரும் நோய் அது.

சரி, அப்படியானால் வீட்டுச் சூழலுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் 1950களில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களில் பலருக்கு நோய் திரும்ப வந்தது. வெளியே அறை எடுத்துத் தங்கியவர்கள் ஓரளவு தேவலாம். ஓயாத குறைசொல்லல், வெறுப்பு, மூச்சுமுட்டும் அளவுக்குக் கவனிப்பு, இவற்றில் ஏதாவது அதிகமாக உள்ள வீட்டில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. நோய் வருவது வேறு, திரும்புவது வேறு. திரும்புவதைக் குறைக்கக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் சிகிச்சை இருக்கிறது, நன்றாகப் பலன் தருகிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்கும் அம்மா அந்தச் சிகிச்சைக்கு வரமாட்டாள் என்பதுதான் சிக்கல்.

ரசிகர்கள் அதிகம் பேசாத ஓர் இடத்தை மறுபடி பாருங்கள். அப்பா அம்மாவை அடித்து நொறுக்கும்போது நார்மன் சுயநினைவில்லாமல் அவரைத் தாக்குகிறான்; அவர் இறந்துபோகிறார். அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை. நோர்மா அதை விபத்தாக மாற்றிவிடுகிறாள், வேறு ஊருக்குப் போகிறாள், எல்லாம் சரியாகிவிடும் என்று மோட்டல் நடத்துகிறாள். இவனுக்கு ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் நான்காவது சீசனில்தான், நல்ல மருத்துவமனைக்குக் காப்பீடு வேண்டும் என்பதற்காகவே அந்த ஊர்ப் போலீஸ் தலைவரான ஷெரீஃபைக் கல்யாணம் செய்துகொண்டு அவனைச் சேர்க்கிறாள். அதற்குள் பல உயிர்கள் போயாகிவிட்டன. பதினெட்டு வயது ஆனவன் என்பதால் அவனே கையெழுத்துப் போட்டு வெளியேயும் வந்துவிடுகிறான்.

கொலைகள் கதைக்காகச் சேர்த்தவை. அந்த மறைத்தல் மட்டும் அப்படியே நிஜம். யார் காரணம் என்று பார்வையாளர்கள் சண்டை போடுகிறார்கள். என் அறையில் நான் கேட்பது: எப்போது தெரிந்தது, அதற்கப்புறம் என்ன செய்தீர்கள்?

ஒரு தாய் வந்திருந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மகனுக்கு இருபது வயது. ராத்திரி முழுக்க நடக்கிறான், யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்கிறான். அதை அவர் நேராகச் சொல்லவில்லை. முதல் அரைமணி நேரம் இந்தத் தொடரைப் பற்றித்தான் பேசினார். அப்புறம் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “என் பையனும் அவனை மாதிரி ஆயிடுவானா மேடம்?” என்றார். மகன் எப்போது தூங்கினான், என்ன சொன்னான் என்று செல்போனில் தேதி போட்டுக் குறித்து வைத்திருந்தார். பாதி நாட்களைக் காணோம். கேட்டால், நாத்தனார் போனை எடுத்துப் பார்ப்பாராம், அதனால் அழித்துவிட்டாராம். அழிக்காமல் இருந்ததிலேயே எட்டு மாதக் கதை இருந்தது.

அவன் அப்படி ஆகமாட்டான் என்று தைரியமாகச் சொன்னேன். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. மற்றவர்களால் தாக்கப்படும் ஆபத்துதான் அவர்களுக்கு அதிகம். திரைக்கதைகளுக்குப் பிடித்த ‘மல்டிபிள் பெர்சனாலிட்டி’ (ஒரே ஆளுக்குள் பல ஆளுமைகள்) விஷயத்திலும் அப்படித்தான்: அத்தகையவர்கள் பெரும்பாலும் சிறுவயதில் கொடுமை அனுபவித்தவர்கள், தங்களையே காயப்படுத்திக்கொள்கிறவர்கள். நினைவு விட்டுப்போவது வலிப்பாலும், குடியாலும், தலையில் அடிபட்டதாலும்கூட வரலாம். அதை மருத்துவர் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும், தொடர் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் எட்டு மாதம் என்பதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாத சந்தேகம் போன்றவை தொடங்கிய பிறகு சிகிச்சை எவ்வளவு தள்ளிப்போகிறதோ, குணமாவதும் அவ்வளவு கடினமாகிறது.

உங்கள் வீட்டில் யாராவது தூக்கத்தை இழந்து, நண்பர்களை விட்டு விலகி, படிப்பிலோ வேலையிலோ திடீரென்று சரிந்து, தனக்குத்தானே பேசுவதுபோலத் தெரிந்தால் ‘வயசுக் கோளாறு’ என்று ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம். ‘உனக்குப் பைத்தியம்’ என்றோ ‘அதெல்லாம் உன் கற்பனை’ என்றோ அவர்களோடு வாதாடவும் வேண்டாம். “நீ சரியாத் தூங்கவே இல்ல, ஒருத்தரைப் பார்த்துட்டு வரலாமா?” என்று தூக்கத்திலிருந்து ஆரம்பிப்பது பல வீடுகளில் வேலை செய்திருக்கிறது. சாகப்போவதாகவோ யாரையாவது தாக்கப்போவதாகவோ பேசினால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அவர் வரவே மாட்டேன் என்றால் முதலில் நீங்கள் மட்டும் வாருங்கள். தூக்கம், பேச்சு, சாப்பாடு, எப்போது தொடங்கியது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, என்ன மாத்திரை எடுக்கிறார், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் முதல் நாளிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.