சரளைச் சாலையின் முதுகு

மார்ச் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் டவுன்ஷிப்களில், அதாவது கிராமப்புறச் சிறு உள்ளாட்சிகளில், ஆண்டுக் கூட்டம் கூடும். வயலில் பனி முழுதாகக் கரைந்திருக்காது, விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கும். அடுத்த ஆண்டு எவ்வளவு வரி போடலாம் என்பதை, வந்திருக்கும் வாக்காளர்களே அங்கே கைதூக்கியோ குரல் கொடுத்தோ முடிவு செய்வார்கள். அந்தப் பணத்தில் பெரும்பங்கை விழுங்குவது சாலை. அதுவும் தாரைக் கண்டிராத சரளைச் சாலை.

மினசோட்டாவில் இப்படி 1,700க்கும் மேற்பட்ட டவுன்ஷிப்கள் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட 3 மேற்பார்வையாளர்கள், சில இடங்களில் 5 பேர், கூடவே ஓர் எழுத்தர், ஒரு பொருளாளர். நிர்வாகம் அவ்வளவுதான். மேற்பார்வையாளர் பதவி முழுநேர வேலை அல்ல. மக்காச்சோளமும் சோயாவும் பயிரிடுகிற, மாடு வைத்திருக்கிற விவசாயிதான் பெரும்பாலும் அதில் இருப்பார். சட்டப்படி களை ஆய்வாளரும் அவர்தான், வேலித் தகராறைப் பார்த்துத் தீர்த்துவைப்பவரும் அவர்தான். ஆனால் அக்கம்பக்கத்தார் போன் போட்டுத் திட்டுவது பெரும்பாலும் சாலைக்காகத்தான்.

திட்டுவது சுலபம். சரளைச் சாலையை நன்றாக வைத்திருப்பது தார்ச் சாலையைவிட நுணுக்கமான வேலை. மேலே விழும் மழை நிற்காமல் ஓடிவிட வேண்டும். அதே சமயம் மேல் அடுக்குக்குள் கொஞ்சம் ஈரம் தங்கவும் வேண்டும். அடியிலிருந்து தண்ணீர் ஏறிவரவும் கூடாது. ஒன்றுக்கொன்று முரணான இந்த மூன்றையும் கல், மண், கோணம் ஆகியவற்றை மட்டும் வைத்துச் சமாளிக்க வேண்டும்.

முதலில் கோணம். சாலையின் குறுக்கே பார்த்தால் நடு உயர்ந்து இரு ஓரமும் தாழ்ந்திருக்க வேண்டும், வீட்டுக் கூரை மாதிரி. சரிவு 4 சதவீதம், அதாவது அடிக்கு அரை அங்குலம். ஒரு பக்கத் தடம் 11 அடி அகலம் என்றால் நடு முதுகு ஓரத்தைவிட ஐந்தரை அங்குலம் உயரம். தார்ச் சாலைக்கு இதில் பாதி போதும், ஏனென்றால் அங்கே தண்ணீர் வழுவழுப்பான பரப்பில் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். சரளையில் சரிவு குறைந்தால் தண்ணீர் தேங்கும், தேங்கிய இடத்தைச் சக்கரம் அடித்துக் குழியாக்கும். சரிவு கூடினாலும் ஆபத்து. ஓரத்துக்குச் சரிந்து விடுவோமோ என்று எல்லாரும் நடுவிலேயே ஓட்டுவார்கள், எதிரே வண்டி வந்தால் பனிக்காலத்தில் அது விபத்து.

இந்த வடிவத்தைக் கொடுப்பது மோட்டார் கிரேடர், நடுவயிற்றில் நீளமான வளைந்த பிளேடு தொங்கும் வண்டி. வழக்கமான பராமரிப்பில் பிளேடு 30 முதல் 45 பாகை வரை திரும்பியிருக்கும். மேல்விளிம்பு கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்திருக்கும். அப்போதுதான் சரளை பிளேடு முன்னால் உருண்டு புரண்டு, கல்லும் பொடியும் கலந்து, ஓரத்திலிருந்து நடுவுக்குப் போகும். வேகம் மணிக்கு 3 முதல் 5 மைல், நாம் விரைந்து நடக்கும் வேகம்தான். மாலைக்குள் மாட்டைப் பார்க்கப் போக வேண்டும் என்று அவசரப்பட்டு ஓட்டினால் வண்டி துள்ளும், துள்ளலின் அலை அப்படியே சாலையில் பதிந்துவிடும். சமன் செய்ய வந்த வண்டியே மேடுபள்ளத்தை விதைத்துவிட்டுப் போகும்.

கண்ணுக்குச் சட்டென்று தெரியாத கோளாறு ஒன்றும் உண்டு. பிளேடின் வெட்டுவிளிம்பு நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும். தேய்ந்து உள்வாங்கிய விளிம்பால் நேர்ச்சரிவை வெட்ட முடியாது. சாலை ஆமை முதுகாக உருண்டுவிடும், நடு தட்டை, ஓரம் செங்குத்து. தண்ணீர் நடுவில் தேங்கும், குழிகளும் அங்கேதான் வரிசையாக விழும். ஓட்டுநரைக் குறை சொல்லும் முன் விளிம்பின் மேல் ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

அடுத்தது கல்லும் பொடியும். ‘சரளை’ என்று ஒரே பெயரில் சொன்னாலும் அடித்தளத்துக்குப் போடுவதும் மேற்பரப்புக்குப் போடுவதும் வேறு வேறு. அடித்தளச் சரளையில் தண்ணீர் இறங்கி வடிய வேண்டும், அதனால் பொடி குறைவாக இருக்கும். மேற்பரப்புச் சரளைக்குக் கல்லைக் கட்டிப்பிடிக்கும் பசை வேண்டும். 0.075 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குகிற நுண்பொடி 4 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும், அதிலும் களிமண் தன்மை கொஞ்சமாவது இருக்க வேண்டும். அந்தத் தன்மையை அளக்கும் முறை சமையலறை வேலை மாதிரிதான். பொடியை நனைத்துப் பிசைந்து, முறுக்குப் பிழிவதைப் போல அல்லாமல் உள்ளங்கையால் தேய்த்தே 3 மில்லிமீட்டர் தடிமனுக்குத் திரிப்பார்கள். திரி எந்த ஈரத்தில் உடைந்து உதிர்கிறது என்பது ஓர் அளவு. எந்த ஈரத்தில் அது குழம்பாக ஓடத் தொடங்குகிறது என்பது இன்னோர் அளவு. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் களித்தன்மை எண். மேற்பரப்புக்கு அது 4 முதல் 12 வரை இருந்தால் நல்லது. சுழியமாக இருந்தால் கல் உதிரும், மிகுந்துவிட்டால் மழையில் சேறாகும்.

விலை குறைவாகக் கிடைக்கிறது என்று அடித்தளச் சரளையை வாங்கி மேலே கொட்டுவதுதான் டவுன்ஷிப்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. பார்க்கச் சுத்தமாக, அழகாக இருக்கும். ஒரு கோடை தாங்காது. கல்லின் முகமும் முக்கியம். மினசோட்டாவின் பெரும்பகுதியில் சரளை என்பது பனியாறுகள் உருகி ஓடியபோது விட்டுச்சென்ற உருண்டைக் கல். கோலிக்குண்டின் மேல் கோலிக்குண்டு நிற்காது. நொறுக்கினால்தான் முனைகள் உண்டாகும், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். தென்கிழக்கு மாவட்டங்களுக்கு அந்தக் கவலை குறைவு, அங்கே நொறுக்கிய சுண்ணாம்புக் கல் கிடைக்கிறது, பொடியும் அதிலேயே வந்துவிடும்.

எவ்வளவு வேண்டும்? 24 அடி அகலச் சாலையில் 1 மைலுக்கு 1 அங்குலம் பரப்ப 10,560 கன அடி, அதாவது சுமார் 390 கன கஜம். ஒரு லாரிக்கு 12 கன கஜம் என்றால் 33 நடை. ஒற்றை அங்குலத்துக்கே இவ்வளவு. மார்ச் கூட்டத்தில் வரிக்குக் குரல் ஏன் உயர்கிறது என்று இந்தக் கணக்கைப் பார்த்தாலே புரியும்.

இத்தனை செலவில் போட்ட சரளை எங்கே போகிறது? பாதிக் கதை தூசியில் இருக்கிறது. காய்ந்த சாலையில் கார் போனால் பின்னால் எழும் வெண்புகை, கல்லைப் பிடித்து வைத்திருந்த நுண்பொடிதான். பொடி பறந்ததும் கல் தளர்ந்து ஓரத்துக்கு உருளும். இதைத் தடுக்கக் கால்சியம் குளோரைடு கரைசலைத் தெளிப்பது உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து நீராகும் உப்பு. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்தை ஒட்டி இருந்தால்கூட அதற்குப் போதும். பகலில் இழந்ததை இரவில் மீட்டுக்கொள்ளும். ஆனால் பொடியே இல்லாத சரளையில் உப்பைத் தெளிப்பது வெறும் செலவு. பிடித்துவைக்க அங்கே ஒன்றும் இல்லை.

தூசிக்கு அடுத்த தொல்லை, தகரக் கூரை போல நெளிநெளியாக எழும் குறுக்கு அலைகள். வண்டியின் ஸ்பிரிங் துள்ளுவதால்தான் இது வருகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். நிக்கோலா தாபர்லே, ஸ்டீபன் மோரிஸ், ஜிம் மெக்எல்வெய்ன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. சுழலும் வட்ட மேடையில் மணலைப் பரப்பி, அதன் மேல் ஒரு ரப்பர் சக்கரத்தை ஓடவிட்டார்கள். ஸ்பிரிங்கே இல்லாத சக்கரமும் அலையை எழுப்பியது. ஒரு வரம்பு வேகத்துக்குக் கீழே மட்டும் மணல் தட்டையாகவே இருந்தது. உண்மைச் சாலைக்குக் கணக்குப் போட்டால் அந்த வரம்பு மணிக்குச் சில மைல்தான், அந்த வேகத்தில் யாரும் ஓட்டப்போவதில்லை. நடப்பது இதுதான்: சக்கரம் சிறு மேட்டில் ஏறித் தாவுகிறது, விழும் இடத்தில் குழி பறிக்கிறது, பறித்த மணலை முன்னால் குவிக்கிறது. அடுத்த சக்கரத்துக்கு அது பெரிய மேடு. குளத்தில் ஓட்டுச் சில்லைச் சாய்வாக வீசித் தத்தவிடுவோமே, ஏறக்குறைய அதே இயக்கம்.

அலை அடர்ந்து வருவது பிரேக் போடும் இடத்திலும் வேகமெடுக்கும் இடத்திலும்தான்: சந்திப்பு, மேடு, வளைவு. இங்கே ஒரு விநோதம். 1785ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின் வழியில் அமெரிக்காவின் பெரும்பகுதி 6 மைலுக்கு 6 மைல் சதுரங்களாக அளந்து பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் 640 ஏக்கர் கொண்ட 36 துண்டுகள், அவற்றின் எல்லைக்கோட்டில்தான் சாலைகள் ஓடுகின்றன. ஆனால் பூமி உருண்டை. வடக்கே போகப் போகத் தீர்க்கக் கோடுகள் நெருங்கும். மினசோட்டா வழியே போகும் 45ஆம் பாகை அட்சக்கோட்டருகே, 6 மைல் இடைவெளியில் கிளம்பும் இரு கோடுகள் 6 மைல் வடக்கே போவதற்குள் சுமார் 48 அடி நெருங்கிவிடுகின்றன. இந்தப் பிழையைச் சேரவிடாமல், குறிப்பிட்ட தூரத்துக்கொரு முறை திருத்தக் கோடு போட்டு அளவையை மறுபடி தொடங்கினார்கள். அதனால் நேராக வந்த சாலை அங்கே திடீரென்று பக்கவாட்டில் ஒடிந்து நகரும். ஒடிந்தால் பிரேக், பிரேக் போட்டால் அலை. பூமியின் உருண்டைத்தன்மையை ஸ்டியரிங்கில் உணர முடிகிற இடம் அது.

அலையைச் சரிசெய்ய மேலே சரளையை இழுத்து மூடினால் சில வாரத்தில் திரும்ப வந்துவிடும், அடியில் இறுகிய அலை அப்படியே இருக்கிறதே. பள்ளத்தின் அடிமட்டத்துக்கும் ஓர் அங்குலம் கீழே வரை வெட்டி, கிளறிக் கலந்து, மறுபடி பரப்ப வேண்டும். மழை பெய்து ஓரிரு நாள் ஆன ஈரத்தில் செய்தால்தான் இறுகும். அந்த ஓரிரு நாள்தான் மேற்பார்வையாளரின் சொந்த வயலிலும் வேலைக்கு ஏற்ற நாளாக அமைந்து தொலைக்கும்.

ஓரவாய்க்காலைப் பற்றி ஒரு வார்த்தை. சாலைக்கென ஒதுக்கிய நிலத்தின் வழக்கமான அகலம் 66 அடி, பழைய நில அளவைச் சங்கிலியின் நீளம் அது. இதில் வண்டி ஓடுவது மூன்றில் ஒரு பங்குதான், மிச்சம் தண்ணீருக்கும் பனிக்கும். நாலு வரிசை கூடுதலாக விதைக்கலாமே என்று அதில் உழும் பக்கத்து வயல்காரர் வாய்க்காலை நிரப்பிவிடுகிறார். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியவர், அறுவடைக்கு அவரிடமே டிராக்டர் இரவல் கேட்க வேண்டியவராகவும் இருப்பார். சாலை விளிம்பில் புல் பிடித்து வளரும் சின்ன வரப்பும் இதே கெடுதலைச் செய்யும். தண்ணீர் வாய்க்காலுக்கு இறங்க வழியில்லாமல் சாலையோடு ஓடும்.

கடைசியாக, அடியிலிருந்து வரும் தண்ணீர். மினசோட்டா குளிரில் சாலைக்கடியில் 4, 5 அடி ஆழத்துக்கு மண் உறையும். உறைந்த நீர் 9 சதவீதம் விரிவது சிறு சேதம்தான். பெரிய சேதம் உறிஞ்சலில் இருக்கிறது. உறையும் விளிம்பு கீழேயுள்ள ஈரத்தை மண்ணின் நுண்துளை வழியே மேலே இழுத்து, பனிப் பாளங்களாக அடுக்கிக்கொண்டே போகும். மணலுக்கு இழுக்கும் வலு இல்லை. களிமண்ணில் வலு உண்டு, ஆனால் நீர் மெதுவாகத்தான் நகரும். இரண்டுக்கும் நடுவிலுள்ள வண்டல் மண்தான் மிக மோசம். வசந்தத்தில் உருகல் மேலிருந்து தொடங்கும். மேல் 1 அடி குழம்பாகிவிடும், அடியில் இன்னும் பனிக்கட்டி, தண்ணீர் இறங்க வழியில்லை. அந்த நிலையில் ஒரு பாரவண்டி போனால் சாலை கொழுக்கட்டை மாவாகப் பிதுங்கும். சரளை அடியில் புதையும், சேறு மேலே வரும். அந்தச் சரளை போனது போனதுதான்.

அதனால்தான் வசந்தத்தில் சரளைச் சாலைகளில் அச்சுக்கு 5 டன் என்ற கட்டுப்பாடு. இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா அருகே 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையிலிருந்து வந்த விதி, சேதம் அச்சுப் பாரத்தின் நான்காம் அடுக்கில் ஏறும் என்கிறது. பாரம் இரு மடங்கானால் சேதம் 16 மடங்கு. சோதனை தார், கான்கிரீட் சாலைகளில் நடந்தது, சரளைக்கு எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. என்றாலும் போக்கு அதேதான். இப்போது பண்ணைப் பக்கம் பாருங்கள். 1 புஷல் மக்காச்சோளம் 56 பவுண்டு. 1,000 புஷல் பிடிக்கும் ஒற்றை அச்சுத் தானிய வண்டியில் தானியம் மட்டுமே 25 மெட்ரிக் டன். ஏக்கருக்கு 180 புஷல் வீதம் 160 ஏக்கரில் 28,800 புஷல். 900 புஷல் ஏற்றும் லாரிக்கு 32 நடை, அத்தனையும் அந்தச் சரளையின் மேல்தான்.

அறுவடையான தானியம் எல்லாம் உடனே விலைக்குப் போவதில்லை. பண்ணையில் நிற்கும் உருளைச் சேமிப்புத் தொட்டியில் மாதக்கணக்கில் விலைக்காகக் காத்திருக்கும். விலை ஏப்ரலில் ஏறினாலும் அப்போது சாலையில் பாரக் கட்டுப்பாட்டுப் பலகை நிற்கும். அது தெரிந்த விவசாயிகள் பிப்ரவரியிலேயே, தரை கல்லாக உறைந்திருக்கும்போதே, லாரியை வரவழைத்துத் தொட்டியைக் காலி செய்யத் தொடங்குகிறார்கள். பலகையை நடப்போகும் மேற்பார்வையாளரின் தொட்டியும் அதில் ஒன்று.